முளைக்குக் காட்மியம் வைத்து நொதி அளக்கப்போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பின்வேலியை ஒட்டி ஓர் ஆயா இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். டர்பனிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் பாதி ஆங்கிலம், மீதி அவருடைய அம்மா பேசிய தமிழ். தோட்டத்தில் கறிவேப்பிலை, அவரை, வெந்தயக்கீரை எல்லாம் போட்டிருக்கிறார். கீரைக்கு இங்கே மேத்தி என்றுதான் பேர். அந்தப் பாத்தி இருக்கும் மூலையில் முன்பு யாரோ பழைய கார் பேட்டரி பிரித்துக்கொண்டிருந்தார்களாம். "ஏம்மா, லேப்ல வேலை பாக்குறியே, இந்த மேத்தியைத் தின்னலாமா சொல்லு" என்று ஒருநாள் வேலிக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டார். நான் அளக்கிறதை வைத்து அதைச் சொல்ல முடியாது ஆயா என்றேன். பத்தொன்பது வருஷமாக என்னதான் அளக்கிறாய் என்பதுபோல் பார்த்தார்.

பக்கத்தில் நின்று சிரித்த அவருடைய பேரன் ஹானர்ஸ் படிக்கிறவன். இரண்டு மாதம் கழித்து அவனே வந்து நின்றான். "ஆன்ட்டி, என் புராஜெக்ட் கன உலோகமும் ஆன்டிஆக்சிடன்ட் நொதிகளும். எங்கே ஆரம்பிக்க?" அவனுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் எம்.எஸ்ஸி. பிள்ளைகள் வருஷா வருஷம் இதே வேலையைச் செய்து, இதே இடங்களில் விழுகிறார்கள். எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளே சாட்சி.

முதலில், என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கன உலோகம் உள்ளே போனால் செடியின் செல்களில் சூப்பர்ஆக்சைடு, பெராக்சைடு போன்ற கேடு செய்யும் ஆக்சிஜன் வகைகள் கூடும், அவற்றை அப்புறப்படுத்துவதுதான் ஆன்டிஆக்சிடன்ட் நொதிகளின் வேலை. புரட்டாசி சனிக்கிழமை கோயில் சமையலுக்குப் பிறகு பாத்திரம் கழுவும் வரிசையை நினைத்துப் பாருங்கள். (இங்கே புரட்டாசி வசந்தகாலத்தில் வரும், அதனால் தண்ணீர் இன்னும் சில்லென்றுதான் இருக்கும்.) முதல் ஆள் கரியைத் தேய்த்துச் சோப்புப் பாத்திரமாக அடுத்தவரிடம் தள்ளுகிறார். அவர்தான் எஸ்.ஓ.டி., அதாவது சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ். சூப்பர்ஆக்சைடை எடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றித் தள்ளிவிடும். சோப்பை அலசுகிறவர்கள் கேட்டலேஸும் அஸ்கார்பேட் பெராக்சிடேஸும். பெராக்சைடைத் தண்ணீராக்குவது அவர்கள் வேலை. தேய்க்கிற ஆள் வேகம் பிடித்து, அலசுகிற ஆள் உட்கார்ந்துவிட்டால் சோப்புப் பாத்திரம் மலையாகக் குவியும். ஆகவே "எஸ்.ஓ.டி. கூடியது, செடி நன்றாகச் சமாளிக்கிறது" என்று ஒற்றை எண்ணை வைத்து எழுதிவிடாதீர்கள். அலசுகிறவர் என்ன செய்தார் என்று தெரியாமல் அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் இல்லை.

எல்லா உலோகமும் ஒரே வழியில் தொல்லை கொடுப்பதில்லை. தாமிரம் நேரடியாக எலக்ட்ரானைக் கைமாற்றி, பெராக்சைடிலிருந்து ஹைட்ராக்சில் ராடிக்கலை உண்டாக்கும். காட்மியத்துக்கு அந்தத் திறமை கிடையாது, அது சுற்றுவழியில் வரும். இரும்பும் துத்தநாகமும் உட்காரும் இடத்தில் போய் உட்காரும். காட்மியத்தைக் கட்டிவைக்கச் செடி ஃபைட்டோகெலட்டின் என்ற சிறு பெப்டைடைச் செய்தாக வேண்டும். அதற்குக் குளுட்டாதயோன் செலவாகும். அந்தக் குளுட்டாதயோன்தான் அஸ்கார்பேட்டை, அதாவது வைட்டமின் சி-யை, திரும்பப் புதுப்பிக்கவும் வேண்டும். ஒரே சம்பளத்தில் இரண்டு வட்டி கட்டுகிற கதை. தாமிரத்துக்கு வந்த முடிவைக் காட்மியத்தோடு ஒப்பிடும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விதைக்கு வருவோம். பேரன் ஆயாவின் நினைப்பில் வெந்தயம்தான் வேண்டும் என்றான். வேண்டாம் என்றேன். வெந்தயத்தை ஊறவைத்த எந்த வீட்டுக்காரரையும் கேளுங்கள், கொழகொழவென்று ஆகிவிடும். அரைத்தால் அந்தக் கோந்து சாற்றோடு வரும், பிப்பெட் நுனியில் ஒழுங்காக ஏறாது, 100 மைக்ரோலிட்டர் என்று நினைத்து எடுத்தது எவ்வளவு என்று கடவுளுக்குத்தான் தெரியும். பாசிப்பயறு நல்லது. சீக்கிரம் முளைக்கும், வேர் நேராக வரும், அரைப்பது எளிது.

அதையும் மளிகைக் கடையில் வாங்குங்கள். விதைக்கடையில் சிவப்போ நீலமோ பூசிய விதை கிடைக்கும், அது பூஞ்சைமருந்து. மேன்கோசெப் என்றால் அதற்குள்ளேயே மாங்கனீசும் துத்தநாகமும் இருக்கின்றன. உலோகச் சோதனைக்கு உலோகம் பூசிய விதையை எடுத்தால், உலோகம் படாத கன்ட்ரோல் என்று எதைச் சொல்வீர்கள்?

விதையை வீட்டு ப்ளீச்சில் சுத்தம் செய்யலாம். இங்கே அதை எல்லோரும் ஜிக் என்றுதான் சொல்வார்கள். ஹைப்போகுளோரைட் ஒரு சதவீதம் அளவுக்கு நீர்த்து, ஐந்து நிமிடம் வைத்து, பிறகு வாசனை போகும்வரை அலசுங்கள். ஆறு தடவையாவது ஆகும். ப்ளீச்சே ஓர் ஆக்சிஜனேற்றி என்பதை மறந்தால், முளை காட்மியத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஸ்ட்ரெஸில் இருக்கும். தண்ணீர் காய்ச்சி வடித்ததாகவோ அயனி நீக்கியதாகவோ இருக்கட்டும். குழாய்த் தண்ணீரில் குளோரினும் உண்டு, செப்புக் குழாய் வழியே வந்தால் தாமிரமும் உண்டு.

ஆறு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்தாளில் 25 டிகிரியில் இருட்டில் இரண்டு நாள் வையுங்கள். வேர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வந்ததும், ஒரே நீளமுள்ளவற்றை மட்டும் பொறுக்கி, அப்புறம் உலோகக் கரைசலுக்கு மாற்றுங்கள். காய்ந்த விதையிலேயே காட்மியத்தை ஊற்றக் கூடாதா என்றால் ஊற்றலாம், ஆனால் அது வேறு கேள்வி. விதைத்தோல் உலோகத்தை ஓரளவு தடுத்துவிடும். எந்தத் தட்டில் எந்த விதைக்கு எப்போது தோல் வெடித்தது என்பதைப் பொறுத்து, ஒவ்வொரு முளைக்கும் காட்மியம் ஒவ்வொரு நேரத்தில் போய்ச் சேரும். நாள் கணக்கு குழம்பிவிடும்.

காட்மியம் எடுக்கும்போது பாட்டிலில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேனோ. நீர் இல்லாத காட்மியம் குளோரைடின் மூலக்கூறு எடை 183.3. நம் அலமாரிகளில் பெரும்பாலும் இருப்பது இரண்டரை நீர் மூலக்கூறு சேர்ந்தது, அதன் எடை 228.4. நூறு மில்லிலிட்டருக்கு 100 மில்லிமோலார் ஸ்டாக் செய்ய முன்னது 1.833 கிராம், பின்னது 2.284 கிராம். பாட்டிலைப் பார்க்காமல் 1.833 எடுத்தால் உங்கள் 100 உண்மையில் 80தான். கன்ட்ரோல் தவிர 10, 50, 100, 200 மைக்ரோமோலார் போதும். 100 மைக்ரோமோலார் என்பது லிட்டருக்கு 11.2 மில்லிகிராம் காட்மியம். இதை மண்ணில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கோடு நேருக்கு நேர் வைத்துப் பேசாதீர்கள். மண் உலோகத்தின் பெரும்பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கரைசல் அப்படியே வேருக்குக் கொடுக்கும்.

எடைபோடும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். சிரிக்காதீர்கள், டர்பன் ஜனவரிப் புழுக்கத்தில் விசிறிக்குக் கீழே தராசு வைத்த ஆளைப் பார்த்திருக்கிறேன். காட்மியம் மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள். கையுறை, மாஸ்க் இரண்டும் வேண்டும்.

ஈயம் வைக்கிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. சத்துக் கரைசலில் ஈய நைட்ரேட்டை ஊற்றியதும் பால்போல் வெளுத்தால், ஈயம் பாஸ்பேட்டோடும் சல்பேட்டோடும் சேர்ந்து கீழே படிந்துவிட்டது என்று அர்த்தம். செடிக்கு நீங்கள் கொடுப்பதாக நினைக்கும் அளவு அடியில் கிடக்கிறது. இரண்டு மூன்று நாள் சோதனைக்குப் பயறு தன் பருப்பிலிருந்தே சாப்பிட்டுக்கொள்ளும், வெறும் தண்ணீர் போதும்.

தட்டுகள்: 9 சென்டிமீட்டர் தட்டு, இருபது முளை, ஐந்து மில்லிலிட்டர், ஒவ்வோர் அளவுக்கும் நான்கு தட்டு. ஒரே தட்டின் சாற்றை மூன்று தடவை அளந்து "மூன்று மீள்சோதனை" என்று எழுதுகிறார்கள். அது உங்கள் பிப்பெட் கை நடுங்குகிறதா என்று பார்த்ததுதான். 24, 48, 72 மணி என்று மூன்று நேரமாவது எடுங்கள். முதல் நாள் ஏறிய கேட்டலேஸ் மூன்றாம் நாள் இறங்கியிருக்கலாம். மூன்றாம் நாள் மட்டும் பார்த்தவர் ஒன்று சொல்வார், முதல் நாள் மட்டும் பார்த்தவர் நேர் எதிராகச் சொல்வார், இருவருமே பொய் சொல்லவில்லை.

அறுவடைக்கு முன் வேர் நீளத்தை அளந்து எழுதிவிடுங்கள். ஸ்கேலும் பென்சிலும் போதும், ஆனால் கடைசியில் உங்களைக் காப்பாற்றுவது இந்த எண்தான். வேரையும் தண்டையும் தனித்தனியாக எடுங்கள். காட்மியம் வேரில்தான் அதிகம் தங்கும், நுனி பழுப்பாவதும் அங்கேதான் முதலில் தெரியும்.

அரைப்பது: அரை கிராம் வேர், ஐந்து மில்லிலிட்டர் பஃபர். 50 மில்லிமோலார் பாஸ்பேட், பிஹெச் 7, ஒரு மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. (உலோக அயனிகளைப் பிடிக்க), ஒரு சதவீதம் பி.வி.பி. (பீனால்களைப் பிடிக்க). கல்வத்தையும் குழவியையும் முந்தின இரவே ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் அளக்கிறதாக இருந்தால் அதற்கென்று தனியாக, ஒரு மில்லிமோலார் அஸ்கார்பேட் சேர்த்த பஃபரில் அரையுங்கள். அஸ்கார்பேட் இல்லாவிட்டால் பசுங்கணிகத்தில் இருக்கும் வகை ஒரு நிமிடத்துக்குள் செயலிழந்துவிடும். "வரவே மாட்டேங்குது" என்று வரும் செய்திகளில் பாதி இதுதான்.

பிறகு சாற்றைச் சென்ட்ரிஃபியூஜில் நான்கு டிகிரியில் 12,000 ஜி-யில் இருபது நிமிடம் சுழற்றுங்கள். ஜி (ஈர்ப்பு விசையின் மடங்கு) என்று எழுதியிருக்கிறேன், ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) அல்ல. ரோட்டரின் ஆரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை ஆர்.பி.எம்.-மின் வர்க்கத்தால் பெருக்கி, 0.00001118-ஆல் பெருக்குங்கள். 8 சென்டிமீட்டர் ரோட்டர் 12,000 சுற்றினால் சுமார் 12,900 ஜி வரும். உங்கள் ரோட்டர் சின்னதானால் கணக்கு வேறு.

இங்கே எங்களுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது, லோட் ஷெட்டிங், அதாவது அட்டவணை போட்டுச் செய்யும் மின்வெட்டு. ஒருநாள் அட்டவணையைப் பார்க்காமல் இயந்திரத்தை ஓட்டிவிட்டேன். பத்தாவது நிமிடம் கரண்ட் போயிற்று. சுழன்று சுழன்று ரோட்டர் நின்றது, மூடி மட்டும் திறக்கவில்லை, ஏனென்றால் பூட்டு மின்சாரத்தில்தான் திறக்கும். இரண்டு மணி நேரம் பதினாறு குழாய்களும் உள்ளே வெதுவெதுப்பாக உட்கார்ந்திருந்தன, நான் வெளியே. மாணவன் அப்படியே அளந்துவிடலாமா என்று கேட்டான். அளந்து பார்த்தோம், கன்ட்ரோலிலேயே கேட்டலேஸ் முந்தின வாரத்துக்குக் கிட்டக்கூட வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டினோம். அன்றிலிருந்து, அரைப்பதற்கு முன் அட்டவணை பார்ப்பது என் புரோட்டோகாலில் முதல் வரி. தமிழ்நாட்டிலும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உண்டுதானே.

இனி அளப்பது. எல்லாம் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில், ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்ப்பதுதான். கேட்டலேஸுக்கு 240 நானோமீட்டர்: பெராக்சைடு அந்த ஒளியை உறிஞ்சும், கேட்டலேஸ் அதை அழிக்க அழிக்க ரீடிங் இறங்கும். அது புற ஊதா. பேரன் முதல் நாள் பிளாஸ்டிக் க்யூவெட் போட்டு, ரீடிங் மேலே முட்டிக்கொண்டு நிற்கிறது, இயந்திரம் கெட்டுவிட்டது என்றான். இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது. சாதாரணப் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் அந்த ஒளியை விழுங்கிவிடும், குவார்ட்ஸ் வேண்டும். குவார்ட்ஸ் க்யூவெட்டைத் தேய்த்துவிட்ட பக்கத்தைப் பிடித்து எடுங்கள், தெளிவான பக்கத்தில் விரல் படக் கூடாது. கீழே போட்டால் ஒரு மாத மளிகைக் காசு போச்சு. பெராக்சைடு கரைசல் சரியா என்று நொதி சேர்க்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம். 10 மில்லிமோலார் இருந்தால் 240-ல் சுமார் 0.4 காட்டும். 0.2 காட்டினால் பாட்டில் பழசு. பெராக்சைடு தானாகவே சிதையும், திறந்து வருஷமான பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் 30 சதவீதத்தை நம்பாதீர்கள்.

எஸ்.ஓ.டி.க்கு என்.பி.டி. (நைட்ரோ புளூ டெட்ராசோலியம் என்ற சாயம்) முறை. குழல்விளக்கின் கீழே 15 நிமிடம் வைத்தால் நொதி இல்லாத குழாய் நீலமாகும், நொதி அதைத் தடுக்கும், பாதி தடுத்தால் ஓர் அலகு, 560-ல் அளவு. எல்லாக் குழாயும் விளக்கிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், ஓரத்துக் குழாய் எப்போதும் ஏமாற்றும். குவாயகால் பெராக்சிடேஸ் சுலபம், 470-ல் பழுப்பு ஏறுவது கண்ணுக்கே தெரியும். குவாயகால் பாட்டிலைத் திறந்தால் விறகடுப்புப் புகை வாசம் வரும், எனக்குக் கும்பகோணத்துப் பாட்டி வீட்டுக் கொல்லை ஞாபகம். ஃப்யூம் ஹூடுக்குள் திறங்கள், ஞாபகம் தானாக வரும். அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் 290-ல், அதுவும் குவார்ட்ஸில்தான்.

இத்தோடு எம்.டி.ஏ., அதாவது மாலோன்டைஆல்டிஹைடு, கட்டாயம் அளக்க வேண்டும், சவ்வுக் கொழுப்பு எவ்வளவு சிதைந்தது என்று அதுதான் காட்டும். தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு 95 டிகிரியில் அரை மணி கொதித்தால் இளஞ்சிவப்பு வரும், 532-லிருந்து 600-ஐக் கழியுங்கள். முளையில் சர்க்கரை நிறைய உண்டு. அதுவும் அந்த அமிலத்தோடு சேர்ந்து நிறம் கொடுத்துக் கெடுக்கும் என்பதால், 440-லும் அளந்து அதற்கான திருத்தம் செய்யுங்கள். சாற்றில் ஏற்கெனவே இருக்கும் நிறத்தைக் கழிக்க, அந்த அமிலம் சேர்க்காத குழாய் ஒன்றையும் கூடவே வையுங்கள்.

சரி, இப்போது நான் முக்கியமாகச் சொல்லவந்த இடம். பேரனின் நோட்டில் இருந்த மாதிரி ஒரு கேட்டலேஸ் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். க்யூவெட்டில் மொத்தம் மூன்று மில்லிலிட்டர், அதில் சாறு 0.1 மில்லிலிட்டர்.

கன்ட்ரோலில் நிமிடத்துக்கு 0.060 இறங்குகிறது. 0.0394-ஆல் (பெராக்சைடின் ஒளி உறிஞ்சல் எண்) வகுத்து, மூன்றால் பெருக்கி, 0.1-ஆல் வகுத்தால் ஒரு மில்லிலிட்டர் சாற்றுக்கு நிமிடத்துக்கு 45.7 மைக்ரோமோல். பிராட்ஃபோர்டு முறையில் (சாயத்தால் புரதம் அளப்பது) பார்த்த புரதம் மில்லிலிட்டருக்கு இரண்டு மில்லிகிராம். ஆக, ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு 22.8. காட்மியம் தட்டில் இறக்கம் 0.045. சாற்றுக்கு 34.3. புரதம் 1.2 மில்லிகிராம்தான், ஆக 28.6.

"ஏறிடுச்சு ஆன்ட்டி, 25 சதவீதம்!" என்றான். இப்போது அதே எண்களை வேர் எடைக்குப் போடு என்றேன். அரை கிராம், ஐந்து மில்லிலிட்டர். கன்ட்ரோல் கிராமுக்கு 457, காட்மியம் 343. இறங்கியிருக்கிறது, அதே 25 சதவீதம். நோட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

நொதி ஏறியதா இறங்கியதா? கேட்டலேஸ் குறைந்திருக்கிறது, மற்றப் புரதங்கள் அதைவிட அதிகமாகக் குறைந்திருக்கின்றன. அவ்வளவுதான் அந்த இரண்டு எண்ணும் சேர்ந்து சொல்வது. இரண்டையும் அட்டவணையில் போடுங்கள். ஒரு கணக்கை மட்டும் காட்டுவது, கடன் வாங்கி நகை வாங்கிவிட்டு நகையை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புவது போல. எடைக் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு: காட்மியத்தில் வேர் தண்ணீரை இழந்து சுருங்கினால், ஒரு கிராமுக்குள் அதிக செல் அடங்கிவிடும். அதற்கு உலர் எடையும் பார்த்துவைப்பது நல்லது.

அப்புறம் வாசிப்பு. நொதிகள் கூடி, எம்.டி.ஏ. ஏறாமல், வேர் நீளம் கன்ட்ரோலுக்குப் பக்கத்தில் இருந்தால் சமாளிக்கிறது என்று எழுதலாம். எஸ்.ஓ.டி. கூடி, கேட்டலேஸ் குறைந்து, எம்.டி.ஏ. ஏறினால் பாத்திரம் குவிகிறது. எல்லாமே குறைந்து வேர் நுனி கருத்திருந்தால் நீங்கள் அளந்தது ஸ்ட்ரெஸை அல்ல, சாவை. 200 மைக்ரோமோலாரில் இது நடந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இதோடு ஒரு சோதனை, யாரும் செய்வதில்லை, பத்து நிமிட வேலை: கன்ட்ரோல் சாற்றில் நேராகக் கொஞ்சம் காட்மியத்தை விட்டு அளந்து பாருங்கள். அங்கேயும் நொதி குறைந்தால், செடிக்குள் நடந்தது எது, உங்கள் குழாய்க்குள் நடந்தது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டிவரும். சாற்றைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஒரு பூஜ்யக் கன்ட்ரோலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆயாவுக்கு நான் ஏன் பதில் சொல்லவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். வறட்சி, உப்பு, குளிர், பூச்சி, எது வந்தாலும் இதே நொதிகள்தான் ஆடும். இலையில் ஈயம் எத்தனை மில்லிகிராம் என்பதை எந்தக் கேட்டலேஸும் சொல்லாது. அதற்கு மண்ணையும் இலையையும் அமிலத்தில் கரைத்து அணு உறிஞ்சல் கருவியில் பார்க்க வேண்டும். அதற்கு அனுப்பியிருக்கிறோம். அதுவரை பழைய பாத்தியை விட்டுவிட்டு, புது மண் நிரப்பிய தொட்டியில் மேத்தி போடச் சொன்னேன். ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும், இலைக்கு வருவதில் பெரும்பங்கு மேலே ஒட்டும் மண்தூசிதான், அதனால் கீரையை நன்றாக அலசச் சொன்னேன். காட்மியம் அப்படியல்ல, உள்ளே இருந்தே இலைக்கு ஏறும், அலசினால் போகாது. பேட்டரி என்றால் ஈயம்தான் முதல் சந்தேகம். இருந்தாலும் இரண்டையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாகக் கழிவு. காட்மியம் கரைசல், தாள், முளை, கையுறை எதுவும் சிங்கிலோ குப்பையிலோ போகக் கூடாது. முதல் நாளே பெயர் எழுதிய பாட்டிலும் பையும் எடுத்துவைத்து, மூட்டை கட்டி அபாயக் கழிவுக்கு ஒப்படையுங்கள். பேரன் கன்ட்ரோல் தட்டில் மிஞ்சிய பயறுமுளையை ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போகப் பார்த்தான். ஆயாவுக்குச் சுண்டல் பிடிக்குமாம். டப்பாவை வாங்கி, அதையும் அதே மஞ்சள் பைக்குள் போட்டேன்.